இத்தா அறைக்கு வந்த வௌவால்

பொய் சொல்வதற்கு நான் ரொம்பக் கூச்சப்படுகிறவள் இல்லை. மேலப்பாளையத்துத் தறிவீட்டில் பிறந்து, தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்து, முப்பது வயதுக்குள் புருஷனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, சின்ன வாப்பாவின் தயவில் காலம் தள்ளுகிற ஒருத்தி தினம் நாலு பொய்யாவது சொல்லாமல் அந்த வீட்டில் அடுப்பெரியாது. எல்லாம் சின்னச் சின்னப் பொய். சொன்ன அன்றைக்கே செத்துப்போகும். ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் ராஜா பட்டம் கட்டிக்கொண்ட வருஷம், ஐப்பசி மாதத்தில், நான் சொன்ன பொய் ஒன்று சாகவில்லை. மூன்று வாரம் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

தம்பி பெயர் பீர் மைதீன். துணி மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராதாபுரம் பக்கம் விற்கப் போனவன், காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தான், மறுநாள் விடிவதற்குள் மவுத்தாகிவிட்டான். பேதி. பேதியில் போனவனை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்காகக் காத்திருக்க முடியுமா? அந்த ஊர்ப் பள்ளிவாசல்காரர்கள் அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். செய்தி எங்களுக்கு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அவன் முகத்தைக் கடைசியாக நானும் பார்க்கவில்லை, அவன் பெண்டாட்டி ஆசியா உம்மாளும் பார்க்கவில்லை. வண்டியும் மாடும் மட்டும் திரும்பி வந்தன.

ஆசியாவை இத்தாவில் உட்கார வைத்தோம். புருஷன் செத்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பதுதான் இத்தா. எங்கள் வீட்டு முன்கட்டு முழுக்கத் தறி. சாயங்கால அஸர் தொழுகை நேரம் வரை கூலிக்கு நெய்கிறவர்கள் அங்கே இருப்பார்கள். அதனால் நடு அறைதான் அவளுக்கு. அதற்கு ஒரு கதவு, உச்சியில் ஒரு சாளரம், அவ்வளவுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் நான் இருந்தேன். என் புருஷன் மதார், நரி கடித்து விஷம் ஏறிச் செத்தார். அந்த அறைச் சுவரில் எத்தனை விரிசல் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எண்ணாமல் சொல்வேன்.

இந்த முறை நான் வெறும் துணை. அக்காளுக்கு இத்தா கிடையாது. கூடப் பிறந்தவன் செத்தால் மூன்று நாள் துக்கம், நாலாம் நாள் எழுந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்தேன். துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லாரும் ஆசியாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னிடம் வெற்றிலைத் தட்டு எங்கே என்று கேட்டார்கள். நானும் எடுத்துக் கொடுத்தேன்.

செத்தவரின் உடலை, அதாவது மையத்தைக் குளிப்பாட்டின இடத்தில் நாற்பது நாள் விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்பது எங்கள் தெருப் பெண்களின் வழக்கம். மையத்தே வராத வீட்டில் எந்த இடத்தில் ஏற்றுவது? தம்பி தலைவைத்துப் படுக்கிற சுவரின் மாடக்குழியில் ஏற்றினேன். இப்படியெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று பள்ளிவாசல் ஆலிம்சா கதவுக்கு வெளியே நின்று சொன்னார். அவர் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியதும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.

ஆசியா சாப்பிடவில்லை. எட்டு நாளாக இரண்டு மிடறு கஞ்சித்தண்ணீர்தான். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். இருபத்திரண்டு வயது. அவள் மடியில் ஒரு பூனை, காலடியில் ஒரு பூனை. இரண்டும் பீர் மைதீன் கொண்டுவந்தவை. மடியில் இருப்பது வெள்ளை, பெயர் பஞ்சு. காலடியில் கிடக்கிற சாம்பல் கடுவனுக்குத் தரகன் என்று பெயர். மீன்காரி கூடையை இறக்கினால் அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குச் சேர வேண்டியது சேராமல் வியாபாரம் முடியாது. தம்பி வைத்த பெயர்தான்.

எட்டாம் நாள் வியாழக்கிழமை. எங்களுக்கு அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதுமே வெள்ளிக்கிழமை பிறந்துவிடும். பகலெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. அப்போது சாளரத்தின் வழியாக ஒரு வௌவால் உள்ளே வந்தது. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். சத்தமே இல்லாமல் விளக்கைச் சுற்றியது. அதன் நிழல் மட்டும் நாலு சுவரிலும் பெரிதாக ஓடியது. பூனைகள் இரண்டும் துள்ளி எழுந்தன. ஆசியா துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சோற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எந்த நேரத்தில் என் வாயில் வந்ததோ தெரியவில்லை.

"பயப்படாதளா. வெள்ளி ராவுல செத்தவுக ரூஹு வீட்டைத் தேடி வரும்பாக. நீ தின்னியான்னு பாக்கப் பீரு வந்திருக்கான்" என்றேன்.

அவள் துப்பட்டியை விலக்கி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை வாங்கி நாலு வாய் தின்றாள். மீதியை நான் தின்றேன். சொன்ன பொய் பலித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கும் பசித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் மஃரிபுக்கு அது வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஈசல் இருக்கும்வரை சுற்றிவிட்டுக் கூரைப் பனங்கட்டையில் தலைகீழாகத் தொங்கும். ஒருநாள் அது ஓர் இறக்கையை முகத்துக்குக் குறுக்கே மடித்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்தேன். பீர் மைதீன் குழந்தையிலிருந்தே அப்படித்தான், ஒரு கையை முகத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். அடுத்த நாள் அது வருவதற்கு முன்பே கதவோரத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அதோடு பேச ஆரம்பித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் சொன்னது பொய் என்று எனக்குத்தானே தெரியும், ஆனாலும் பேசினேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். ராதாபுரத்தில் உனக்கு யார் தண்ணீர் கொடுத்தது, தலையை யார் மடியில் வைத்துக்கொண்டது என்று கேட்பேன். அது இறக்கையை ஒருமுறை அசைக்கும். சில நாள் அறைக்குள் அவன் இருமுகிற சத்தம் கேட்டது. அவன் தொப்பி ஆணியில் தொங்கியது. அதற்கு எதிரே காலை நீட்டி உட்காரக் கூசினேன். ஆசியா, நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "மைனி, தட்டைக் கொண்டாங்க" என்பாள். இரண்டு பேரும் தின்போம்.

பூனைகளுக்கு மட்டும் இந்த விருந்தாளியைப் பிடிக்கவில்லை. தரகன் ஒருநாள் துணிப்பெட்டியின் மேலிருந்து பாய்ந்தது. மயிரிழையில் தப்பியது வௌவால். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விளக்குமாற்றால் தரகனை அடித்த அடியில் விளக்குமாறு பிரிந்துபோயிற்று. அன்றிலிருந்து மஃரிபுக்கு முன்பே இரண்டையும் பிடித்துப் பெரிய நூல் கூடையில் போட்டு மூடிவைத்தேன். கூடைக்குள்ளிருந்து அவை கத்தும். தம்பி வந்திருக்கிற நேரத்தில் அவன் வளர்த்த பூனைகளே அவனைத் தின்ன அழுகின்றன என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவற்றுக்குச் சோறு வைப்பதைக்கூட நிறுத்தினேன். ஆசியா தன் தட்டிலிருந்து எடுத்துப் போடுவாள்.

கடைசியில், வண்டிக்காரர் கருத்தையாவுக்குச் சொல்லியனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவர் சேரன்மகாதேவிக்கு வண்டி கட்டும்போது இரண்டு பூனைகளையும் சாக்கில் போட்டு ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட வேண்டும். அவனை இந்த வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. அடுத்த முறை தரகன் குறி தப்பாது. அப்புறம் எனக்குத் தம்பி எங்கே இருக்கிறான்?

ஆசியா அப்போதுதான் குறுக்கே பேசினாள். "அவுக தூக்கிட்டு வந்த ஜீவனுவ மைனி. பூனையை விரட்டுதது பாவம்" என்றாள்.

"பூனை வேணுமா, உன் மாப்பிள்ளை வேணுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. ரூஹுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மஃரிபுக்கு அது பறக்கவில்லை. பனங்கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு கூப்பிட்டும் அசையவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, நடுப்பகல். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆசியா ஒரு மூலையில் லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். நான் சோற்றுச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அறை நடுவில் பொத்தென்று ஏதோ விழுந்தது.

அதுதான். செத்துவிட்டது என்று நினைத்தேன். சாகவில்லை. மடக்கின இறக்கைகளைக் கை மாதிரி ஊன்றி ஊன்றித் தரையில் தவழ்ந்தது. வாய் திறந்திருந்தது, எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்திலிருந்து தரகன் வயிறு தரையில் உரச வந்தது. மறுபக்கத்தில் பஞ்சு வாலை அடித்துக்கொண்டு பதுங்கியிருந்தது. வௌவால் இரண்டையும் பார்த்துப் பயப்படவில்லை. நேரே என்னைப் பார்த்து வந்தது.

பட்டப்பகலில் என்னைத் தேடி வருகிறானே என்று நினைத்தேன். தரகனைக் காலால் எத்திவிட்டுத் தரையில் குந்தினேன். "வாப்பா, இங்கன வா, பைய வா" என்று உள்ளங்கையை விரித்து நீட்டினேன். ஒரு சாண் இருந்தது. அரைச் சாண் ஆயிற்று.

இதில்தான் என்னை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை. எனக்குத் தெரியாததா? ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே நடுப்பகலில், வாய்க்கால் கரையில் என் புருஷன் தறிக்கான நூல் பாவை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு நரி நேரே நடந்து வந்து அவர் காலடியில் படுத்தது. குட்டி நாய் மாதிரி சாதுவாக இருந்தது. ஐயோ பாவம் என்று கையிலே தண்ணீர் ஏந்திக் கொடுத்தார். விரலில் கடுகளவு பல் பட்டது. நாற்பத்தொன்றாம் நாள், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் கொண்டுபோனேன். செம்பைக் கண்டதும் அலறினார். அப்புறம் மூன்று நாள் அந்த அலறல் நிற்கவில்லை. அப்போது குன்னூரில் இந்தக் கடிக்கு ஊசி போடுகிற ஆஸ்பத்திரியும் வரவில்லை. காட்டு ஜீவன் பகலில் மனிதன் காலடிக்கு வந்தால் அது பாசத்தால் வருவதில்லை என்று இந்தத் தெருவில் எல்லாருக்கும் சொன்னவள் நான். அன்றைக்கு நானே கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஆசியா தொழுகையை முறித்துவிட்டு வந்தாள். வந்தவள் என் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். தன் புருஷனுக்கு மூத்தவளை, தலை நிமிர்ந்துகூடப் பேசாத பெண் அடித்தாள். நான் பின்னால் சாய்ந்தேன். அவள் சோற்றுச் சட்டியைத் தூக்கி, சோற்றைத் தரையிலே கொட்டி, சட்டியை வௌவாலின் மேல் கவிழ்த்தாள். தரகனின் மூக்கு அந்த விளிம்பில் இடித்து நின்றது. அதன் பிடரியை ஒரு கையால் பிடித்தாள், பஞ்சுவை இன்னொரு கையில் அள்ளினாள், இரண்டையும் கூடையில் போட்டு மூடி மேலே அம்மிக்குழவியை வைத்தாள். எல்லாம் நான் ஒரு மூச்சு விடுவதற்குள் நடந்தது.

சட்டிக்குள் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. நான் அதைத் தூக்கப் போனேன். ஆசியா இரண்டு கையாலும் சட்டியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கைய எடு. உள்ள பீரு இருக்கான்" என்றேன்.

"இல்ல மைனி. அவுக ராதாபுரத்துல மண்ணுக்குள்ள இருக்காக. இது வௌவாலு. நோக்காட்டுல விழுந்து கெடக்கு. உங்க மாப்பிள்ளையைக் கடிச்ச நரியும் இப்படித்தான் வந்துச்சுன்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க."

"நீயும் நம்புனியே."

"நான் ஒருநாளும் நம்பல. விளக்குக்கு ஈசல் வருது, ஈசலுக்கு வௌவாலு வருது. எங்க வாப்பா வீட்டுலயும் வரும்."

பிறகு எதற்காகத் தின்றாய் என்று கேட்டேன்.

அவள் சட்டியை விடாமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "எட்டு நாளா நீங்க ஒரு வாய் திங்கல. என்னையத் தின்னு தின்னுன்னு சொல்லிட்டு, உங்க தட்டைப் பூனைக்கு வச்சீங்க. உங்களை ஒரு ஆளு கேக்கல. நான் தின்ன அன்னைக்குத்தான் நீங்களும் தின்னீங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த எட்டு நாளில் என்ன தின்றேன் என்று எவ்வளவு தேடியும் ஒரு பருக்கை நினைவுக்கு வரவில்லை. வருகிறவர்களுக்குக் காய்ச்சிய கஞ்சி நினைவிருக்கிறது, கழுவிய தட்டுகள் நினைவிருக்கின்றன. அவளுக்காக ஒரு பொய்யை ஊட்டி வளர்க்கிறேன் என்று நான் இறுமாந்திருந்தேன். அவளோ எனக்காக அதைத் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த மூன்று வாரத்தில் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே தாங்க முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் சொன்னபடி செய்தேன். வெந்நீரும் சாம்பலும் கொண்டுவந்தேன், அவள் என் கையைத் தேய்த்துக் கழுவினாள். விளக்கை அருகே பிடித்து விரல் விரலாகப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. பூனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, மூக்கு, உதடு, காது, பாதம் எல்லாம் மயிரை விலக்கிப் பார்த்தோம். தரகன் முறைத்தது, விளக்குமாற்றை அது மறக்கவில்லை. இரண்டிலும் பல் பட்ட அடையாளம் கிடையாது. இருந்தாலும் ஆசியா அவற்றை வெளியே விடவில்லை. அவள் இத்தா முடிந்து எழுந்திருக்கும்வரை அவையும் அந்த அறையிலேயே இத்தா இருந்தன. ஒன்றும் ஆகவில்லை. தரகன் அதற்குப் பிறகும் ஆறு வருஷம் மீன்காரியின் உயிரை வாங்கியது. கருத்தையா மறுநாள் சாக்கோடு வந்தபோது, வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

விளக்கை அணைக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஏறி, சாளரத்தில் பழைய கைலியை நெருக்கித் திணித்தாள்.

சற்று நேரத்தில் சட்டிக்குள் சத்தம் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, ஒரு பலகையை அடியில் செருகி, சட்டியும் பலகையுமாகத் தூக்கி என் கையில் கொடுத்தாள். நாய் தோண்டாத ஆழத்துக்குப் புதைக்க வேண்டும் என்றாள். இத்தாவில் இருக்கிறவள் வானம் பார்க்க வரக் கூடாது. அதனால் வாசற்படியோடு நின்றுகொண்டாள். நான் மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் பின்னால் போனேன்.

மழையில் மண் இளகியிருந்தது. முழங்கால் ஆழத்துக்கு வெட்டினேன். பலகையைச் சாய்த்தேன், அது உள்ளே விழுந்தது. இறக்கை மடங்கி ஒரு கருகிய வெற்றிலை மாதிரி கிடந்தது.

எங்களில் பெண்கள், செத்தவர்களை அடக்குகிற மையவாடிக்குப் போவதில்லை. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் மதாருக்கும் என் கையால் ஒரு பிடி மண் விழுந்ததில்லை. பீருக்கு எங்கள் வீட்டு ஆண்கள்கூடப் போடவில்லை. குழியில் ஆளுக்கு மூன்று பிடி போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போடும்போது என்னவோ ஓதுவார்கள். அது என்ன என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை.

குழிக்குள் கிடப்பது வௌவால் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். குனிந்து கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். இரண்டாவது பிடியும் போட்டேன். மூன்றாவது பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதைப் போட்டுவிட்டால் என் தம்பி செத்துப்போவான். ஈர மண் விரலிடுக்கில் பிதுங்கியது. வாசற்படியில் ஆசியா என்னைக் கூப்பிடாமல் நின்றாள். முன்கட்டில் தறிச் சத்தம் ஓய்ந்து, அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன்.

பிறகு போட்டேன்.